ஓர் ஆண்டின் வெப்பநிலையில் காற்றோட்டத்தின் பங்கு எவ்வளவு? வட அட்லாண்டிக் அலைவை வைத்துக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

உலகச் சராசரியில் 2010, அதுவரை பதிவானவற்றில் 2005-ஓடு சேர்ந்து மிக வெப்பமான ஆண்டு. அதே 2010-இல் நடு இங்கிலாந்தின் ஆண்டுச் சராசரி வெறும் 8.8 டிகிரி செல்சியஸ். 1986-க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த ஆண்டு அங்கே வந்ததில்லை. உலகம் சூடேறிய ஆண்டில் ஒரு பகுதி ஏன் குளிர்ந்தது என்பதற்கு, அங்கே வீசிய காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதே பெரும்பகுதி விடை. வட அட்லாண்டிக் அலைவு என்பது அந்தக் காற்றோட்டத்தை அளக்க உதவும், ஐஸ்லாந்துக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டின் ஏற்ற இறக்கம். அதை வைத்து அந்தப் பங்கை எண்ணாக எடுத்துக் காட்டுவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். இந்தக் கணக்கில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை சூத்திரத்தில் வருவதில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வதால் வருகின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, மாத வெப்பநிலைத் தொடர். பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் ஹாட்லி மையம் பராமரிக்கும் மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மாத மதிப்புகள் 1659 முதல் கிடைக்கின்றன. லங்காஷயர், லண்டன், பிரிஸ்டல் ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியை இது குறிக்கிறது. எந்தப் பதிப்பை இறக்கினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். பதிப்பு மாறினால் சில மாதங்கள் 0.1 டிகிரி அளவுக்கு மாறும்.

இரண்டாவது, கடல்மட்டக் காற்றழுத்தம். ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வின் (பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து, உலகைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத் தரும் தரவின்) மாதச் சராசரிக் கோப்புகள் போதும். 1940 முதல் கிடைக்கின்றன. கட்டத்தின் அளவு கால் டிகிரி.

மூன்றாவது, உலகச் சராசரி வெப்பநிலைத் தொடர் ஒன்று. இது எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஏழாம் படியில் இது இல்லாமல் நகர முடியாது.

கருவி என்று பார்த்தால் பைத்தான் நிரல்மொழியும் கட்டத் தரவைக் கையாளும் அதன் எக்ஸ்அரே நூலகமும் போதும். சிடிஓ என்ற தட்பவெப்பக் கோப்பு மென்பொருள் தெரிந்தவர்கள் கோப்பு வெட்டும் வேலையை அதில் இன்னும் விரைவாக முடிக்கலாம்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“காற்றோட்டம் ஐரோப்பாவின் வெப்பநிலையைப் பாதிக்கிறதா?” என்பதற்கு விடை கண்டுபிடிக்க முடியாது. “1950 முதல் 2020 வரை, மத்திய இங்கிலாந்தின் ஆண்டு வெப்பநிலை விலகலில் டிசம்பர்–மார்ச் வட அட்லாண்டிக் அலைவு எத்தனை டிகிரியை விளக்குகிறது?” என்றால் விடை வரும். இடம், காலம், பருவம், குறியீடு ஆகிய நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

ஐரோப்பா முழுவதையும் ஒரே சராசரியாக எடுக்காதீர்கள். இந்த அலைவு வடக்கு ஐரோப்பாவின் குளிர்கால வெப்பநிலையை வலுவாக ஆட்டுகிறது. மத்தியதரைக்கடல் பகுதியில் அதன் கை வெப்பநிலையைவிட மழையில்தான் ஓங்கியிருக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் இருக்கிற தொடர்பும் கரைந்துவிடும்.

3. வெப்பநிலையை விலகலாக மாற்றுங்கள்

ஒவ்வொரு மாதத்துக்கும் அதே மாதத்தின் 30 ஆண்டுச் சராசரியைக் கழியுங்கள். இங்கே 1981–2010-ஐ அடிப்படையாக வைத்துக்கொள்வோம். மாதவாரியாகக் கழிக்காமல் மொத்தச் சராசரியைக் கழித்தால், ஜனவரி குளிராகவும் ஜூலை வெப்பமாகவும் இருக்கும் இயல்பான பருவச் சுழற்சியே எல்லாவற்றையும் மூடிவிடும்.

கணக்குப் போடும் முன் விடுபட்ட மதிப்புகளைத் தேடுங்கள். மத்திய இங்கிலாந்துக் கோப்பில் இன்னும் முடியாத மாதங்கள் −99.9 என்று நிற்கும். அதை வெப்பநிலையாகவே எடுத்துக்கொண்டு சராசரி போடுவது புதியவர்கள் முதல் நாளில் செய்யும் தவறு. கடைசி ஆண்டு மட்டும் பாதாளத்தில் கிடந்தால் உடனே இதைச் சந்தேகியுங்கள்.

தொடருக்குப் பதில் கட்டத் தரவிலிருந்து பகுதிச் சராசரி எடுப்பவர்களுக்கு இன்னும் மூன்று எச்சரிக்கைகள். ஈஆர்ஏ5 வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15 கழிக்க வேண்டும். காற்றழுத்தம் பாஸ்கலில் இருக்கும், 100-ஆல் வகுத்தால்தான் ஹெக்டோபாஸ்கல். ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்சக்கோட்டின் கொசைனை எடையாகக் கொடுக்க வேண்டும். 60 டிகிரி வடக்கில் ஒரு கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டில் உள்ளதில் பாதிதான். எடை கொடுக்காவிட்டால் நார்வேயின் வடகோடி பிரான்ஸைவிடப் பெரிதாகப் பேசும்.

தீர்க்கக்கோடுகள் 0 முதல் 360 வரை ஓடும் கோப்பில் மேற்கு 10 முதல் கிழக்கு 30 வரை வெட்டினால், கிரீன்விச் கோட்டின் ஒரு பக்கம் காணாமல் போகும். வெட்டும் முன்பே −180 முதல் 180 என்று மாற்றிவிடுங்கள்.

4. ஆண்டு எங்கே தொடங்குகிறது என்று முடிவு செய்யுங்கள்

பலரும் யோசிக்காமல் தாண்டிப் போகும் படி இது. எல்லாவற்றையும் விட அதிகமாகக் கெடுப்பதும் இதுதான்.

குளிர்காலம் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளின் மேல் படுத்திருக்கிறது. 2009 டிசம்பரில் தொடங்கிய குளிரின் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் 2010-க்குள் வருகின்றன. அடுத்த குளிர்காலத்தின் டிசம்பரும் 2010-க்குள்தான் வருகிறது. இரண்டு வெவ்வேறு குளிர்காலங்கள் ஒரே ஆண்டின் கணக்கில் ஏறிவிட்டன.

எண்ணில் பாருங்கள். மத்திய இங்கிலாந்துத் தொடரில் 2009 டிசம்பர் 3.1 டிகிரி, 2010 டிசம்பர் −0.7. ஜனவரி–டிசம்பர் என்று எடுத்தால் 2010-இன் சராசரி 8.83. முந்தைய டிசம்பரைச் சேர்த்து டிசம்பர்–நவம்பர் என்று எடுத்தால் 9.15. ஒரே ஒரு மாதத்தை மாற்றியதில் ஆண்டுச் சராசரி 0.32 டிகிரி நகர்கிறது.

ஆகவே காற்றோட்டத்தோடு ஒப்பிடும்போது டிசம்பர்–நவம்பர் ஆண்டையே பயன்படுத்துங்கள். குளிர்காலத்துக்கு ஜனவரி விழும் ஆண்டின் பெயரைக் கொடுங்கள்: டிசம்பர் 2009 முதல் மார்ச் 2010 வரையுள்ளது “2010 குளிர்காலம்”. ஊடகங்களில் வரும் ஆண்டு மதிப்பை விளக்க வேண்டியிருந்தால் மட்டும் நாட்காட்டி ஆண்டுக்குத் திரும்புங்கள். அப்போது இரு குளிர்காலங்களின் பங்கையும் தனித்தனியே காட்டுங்கள்.

5. காற்றோட்டக் குறியீட்டைக் கட்டுங்கள்

வட அட்லாண்டிக் அலைவு என்பது ஐஸ்லாந்துத் தாழ்வழுத்தத்துக்கும் அசோர்ஸ் உயரழுத்தத்துக்கும் இடையிலான இழுபறி. வேறுபாடு கூடினால் மேலைக்காற்று வலுத்து, அட்லாண்டிக் கடலின் மிதமான காற்று வடக்கு ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. வேறுபாடு குறைந்தால் அந்தக் கதவு பாதி சாத்தப்பட்டு, கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் குளிர்காற்று இறங்குகிறது.

எளிய வழி, இரண்டு நிலையங்களின் அழுத்த வேறுபாடு. தெற்குக்கு லிஸ்பன், ஜிப்ரால்டர், போன்டா டெல்கடா ஆகியவற்றில் ஒன்று. வடக்குக்கு ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் அல்லது ஸ்டிக்கிஷோல்மூர். ஒவ்வொரு நிலையத்தின் டிசம்பர்–மார்ச் சராசரி அழுத்தத்திலிருந்து அதன் நீண்டகாலச் சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் (மதிப்புகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவால்) வகுத்து, அதன் பிறகே தெற்கிலிருந்து வடக்கைக் கழியுங்கள். வகுக்காமல் கழித்தால் குறியீடு கிட்டத்தட்ட ஐஸ்லாந்தின் அழுத்தமாகவே ஆகிவிடும், ஏனென்றால் அங்கே குளிர்கால அழுத்தம் தெற்கைவிட மிகப் பெரிய அளவில் ஏறி இறங்குகிறது.

இரண்டாவது வழி முதன்மைக் கூறு, அதாவது அழுத்த ஏற்ற இறக்கத்தின் மிகப் பெரும் பகுதியை விளக்கும் ஒற்றை அமைப்பு. 20 முதல் 80 டிகிரி வடக்கு, மேற்கு 90 முதல் கிழக்கு 40 வரையுள்ள அழுத்த விலகல்களை எடுத்து, அட்சக்கோட்டுக் கொசைனின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் கூறைப் பிரித்தெடுங்கள். வர்க்கமூலம் ஏன் என்றால், இந்தக் கணக்கு மாறுபாட்டை, அதாவது வர்க்கத்தைக் கையாள்கிறது. வர்க்கமூலம் கொடுத்தால்தான் முடிவில் எடை சரியாக வரும்.

முதன்மைக் கூறின் குறி தன்னிச்சையானது. மென்பொருள் ஒரு நாள் நேர்க்குறியாகவும் மறுநாள் எதிர்க்குறியாகவும் தரலாம். 2010 குளிர்காலத்தைப் பாருங்கள்: அது ஆழமான எதிர்க்குறியில் நிற்க வேண்டும். நிலையக் குறியீட்டில் 1864 முதல் உள்ள பதிவிலேயே மிகத் தாழ்ந்த குளிர்காலம் அது. நேர்க்குறியில் வந்தால் முழுத் தொடரையும் −1-ஆல் பெருக்குங்கள். இந்தச் சரிபார்ப்பைத் தவறவிட்டால் முடிவுகள் எல்லாம் தலைகீழாக வரும். ஆனால் கெழுக்களின் (தொடர்பின் வலுவைக் காட்டும் எண்களின்) அளவு அழகாகவே இருப்பதால் கண்ணுக்குப் படாது.

இரண்டு வழியிலும் செய்து, ஒன்றையொன்று ஒப்பிடுங்கள். அவை நன்றாக ஒத்துப்போகாவிட்டால் எங்கோ மாதம் அல்லது ஆண்டு ஒன்று தள்ளிப் பொருந்தியிருக்கிறது.

6. எண்ணுக்கு முன் வரைபடம்

குறியீடு மேலே ஒரு திட்டவிலக்கத்தைத் தாண்டிய குளிர்காலங்களின் சராசரி அழுத்தத்திலிருந்து, கீழே ஒரு திட்டவிலக்கத்தைத் தாண்டியவற்றின் சராசரியைக் கழித்து வரைபடம் போடுங்கள். வெப்பநிலைக்கும் அதையே செய்யுங்கள்.

வடக்கு அரைக்கோளத்தில் காற்று, தாழ்வழுத்தத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சம அழுத்தக் கோடுகளை ஒட்டி ஓடும். இதை வைத்து வரைபடத்தில் காற்றின் பாதையை விரலால் தொடர்ந்து பாருங்கள். ஐஸ்லாந்தில் தாழ்வு ஆழமாக இருந்தால் பிரிட்டன், ஸ்காண்டினேவியா மேல் மேற்கு, தென்மேற்குக் காற்று. லாப்ரடார், மேற்கு கிரீன்லாந்து மேல் வடக்குக் காற்று. அதனால் ஐரோப்பா மிதமாகும்போது கிரீன்லாந்தின் மேற்கு குளிர வேண்டும்.

உங்கள் வெப்பநிலை வரைபடத்தில் அந்த எதிரெதிர் நிறங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். 2010-இல் இதுதான் தலைகீழாக நடந்தது: இங்கிலாந்து உறைந்த அதே ஆண்டு கிரீன்லாந்தின் நூக் நகரில் அதுவரை பதிவானதிலேயே மிக வெப்பமான ஆண்டு. இந்த ஊஞ்சல் வரைபடத்தில் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகாமல் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

7. நீண்டகாலப் போக்கை நீக்குங்கள்

வெப்பநிலை பல பத்தாண்டுகளாக ஏறிக்கொண்டே போகிறது. அதே காலத்தில் ஏறும் எந்தத் தொடரும், அது ஒரு நகரின் மக்கள்தொகையாக இருந்தாலும், வெப்பநிலையோடு ஒட்டுறவு, அதாவது சேர்ந்து ஏறி இறங்கும் தொடர்பு, காட்டும்.

நேர்கோட்டைக் கழிப்பது பலர் செய்வது. அதைவிட, உலகச் சராசரி வெப்பநிலையை ஒரு விளக்க மாறியாக வைத்து ரெக்ரஷன் செய்து (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கோடு பொருத்திக் கண்டு), அந்தப் பங்கைக் கழிப்பது நல்லது. வெப்பமேற்றம் நேர்கோட்டில் நடக்கவில்லை. 1970-களுக்குப் பிறகு வேகமெடுத்தது. நேர்கோட்டைக் கழித்தால் தொடரின் நடுப்பகுதி செயற்கையாகக் குளிர்ந்தும் இரு முனைகளும் வெப்பமாகவும் நிற்கும். ஜூன் 1991-இல் பினாட்டுபோ எரிமலை வெடித்த பின் வந்த உலகளாவிய குளிர்ச்சியும் இந்த வழியில் ஓரளவு கணக்கில் சேர்ந்துவிடும்.

குறியீட்டுக்கும் இதையே செய்யுங்கள். ஒன்றில் போக்கை நீக்கி மற்றொன்றில் விட்டுவைத்தால் கெழுவைப் படிக்க முடியாது.

8. பருவம் பருவமாகக் கணக்கிடுங்கள், ஆண்டாக அல்ல

ஆண்டுக் குறியீட்டையும் ஆண்டு வெப்பநிலையையும் நேரடியாகப் பொருத்துவது தவறான வழி. ஏன் என்பதை 2010-ஏ காட்டுகிறது. அமெரிக்கத் தட்பவெப்பக் கணிப்பு மையத்தின் மாதக் குறியீட்டில் அந்த ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் எதிர்க்குறி. ஆனால் இங்கிலாந்தில் ஜூனும் ஜூலையும் சராசரியைவிட வெப்பம்: ஜூன் 15.2 (சராசரி 14.5), ஜூலை 17.1 (சராசரி 16.7). எதிர்க்குறி என்றாலே குளிர் என்ற விதி ஆண்டு முழுவதும் செல்லாது.

காரணம் எளிது. குளிர்காலத்தில் கடலுக்கும் கண்டத்துக்கும் இடையே வெப்ப வேறுபாடு பெரிது, பகல் குறுகியது. ஆகவே எங்கிருந்து காற்று வருகிறது என்பதே வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது. கோடையில் வெயிலும் மேகமும் மண்ணின் ஈரமும் பெரிதாகப் பேசுகின்றன. அழுத்த மையங்களும் வடக்கே நகர்கின்றன. கோடைக்கென்று தனிக் குறியீடு வேண்டும். பிரிட்டன் மேல் உயரழுத்தம் உட்கார்ந்தால் குளிர்காலத்தில் உறைபனி, கோடையில் வெயில்.

எனவே டிசம்பர்–மார்ச் குறியீட்டை டிசம்பர்–மார்ச் வெப்பநிலையோடு ரெக்ரஷன் செய்யுங்கள். வடக்கு ஐரோப்பாவுக்கு ஒட்டுறவுக் கெழு 0.6-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால் பாதை சரி. 0.2 வந்தால் இயற்கையைக் குறை சொல்லும் முன் ஆண்டுகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கிடைத்த சாய்வை ஆண்டுக்கு மாற்றுவது வெறும் பெருக்கல்: நான்கு மாதம் என்பதால் 4/12. உதாரணமாக, குறியீடு ஓர் அலகு ஏறும்போது குளிர்காலம் 1 டிகிரி ஏறுகிறது என்று வந்தால், ஆண்டுச் சராசரியில் அதன் பங்கு 0.33 டிகிரி. மற்றப் பருவங்களுக்கும் அவற்றுக்குரிய குறியீடுகளோடு இதையே செய்து கூட்டுங்கள். தேவைப்பட்டால் கிழக்கு அட்லாண்டிக் அமைப்பு, ஸ்காண்டினேவிய அமைப்பு ஆகிய வேறு காற்றழுத்த அமைப்புகளின் குறியீடுகளைச் சேர்க்கலாம்; இரண்டு மூன்றுக்கு மேல் போக வேண்டாம்.

9. ஒரே ஓர் ஆண்டைக் கையால் கணக்கிட்டுச் சரிபாருங்கள்

மென்பொருள் தந்த விடையை நம்பும் முன் 2010-ஐக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மத்திய இங்கிலாந்தில் ஜனவரி 1.4 (சராசரி 4.4), பிப்ரவரி 2.8 (4.4), நவம்பர் 5.2 (7.1), டிசம்பர் −0.7 (4.6). குறைவுகள் முறையே 3.0, 1.6, 1.9, 5.3, கூட்டினால் 11.8. பன்னிரண்டால் வகுத்தால் 0.98 டிகிரி.

ஆண்டின் மொத்தக் குறைவு சுமார் 1.13 டிகிரி. அதாவது நான்கு மாதங்களே ஏறத்தாழ எல்லாவற்றையும் சுமக்கின்றன. மீதி எட்டு மாதங்களின் பங்கு 0.15 மட்டும். டிசம்பர் ஒன்றே 0.44 டிகிரியை இழுத்தது.

இப்போது உங்கள் ரெக்ரஷன் தரும் எண்ணை இதன் பக்கத்தில் வையுங்கள். நான்கு மாதங்களில் நடந்ததை அது எவ்வளவு பிடித்திருக்கிறது, எவ்வளவு மீதம் விட்டிருக்கிறது என்று மாதவாரியாக எழுதுங்கள். மீதத்தில் ஒரு பகுதி நிலத்தில் படிந்த பனியால் வரும்: வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பி, இரவில் வெப்பத்தை வேகமாக இழந்து, காற்று கொண்டுவந்த குளிரை இன்னும் ஆழமாக்குகிறது. நேர்கோட்டு ரெக்ரஷன் இதை முழுமையாகப் பிடிக்காது.

10. தற்செயலா என்று சோதியுங்கள்

60 ஆண்டுத் தரவில் 5 சதவீத மட்டத்துக்கு (தற்செயலாக அப்படி வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் இருப்பதற்கு) ஒட்டுறவுக் கெழு சுமார் 0.25-ஐத் தாண்டினால் போதும் என்று பட்டியல் சொல்லும். ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டைச் சாராமல் இருந்தால்தான் அது பொருந்தும். கடல் வெப்பத்தைத் தேக்கி வைப்பதால் ஆண்டுகள் ஒன்றையொன்று சார்ந்தே இருக்கின்றன.

இரண்டு தொடர்களின் ஓராண்டுத் தன்னொட்டுறவையும் (ஒரு தொடர் தன் முந்தைய ஆண்டு மதிப்போடு காட்டும் ஒட்டுறவையும்) பெருக்கி வரும் எண்ணைக் க என்று வைத்துக்கொண்டால், பயன்படும் ஆண்டுகளின் எண்ணிக்கை = ஆண்டுகள் × (1 − க) ÷ (1 + க). தன்னொட்டுறவுகள் 0.6, 0.3 என்றால் க 0.18, 60 ஆண்டுகள் 42 ஆகச் சுருங்கும், வரம்பு சுமார் 0.30-க்கு ஏறும். போக்கை நீக்காமல் வந்தவர்களுக்கு இந்தச் சுருக்கம் இன்னும் கடுமையாக இருக்கும்.

பல குறியீடுகளை முயன்று நன்றாக வந்ததை மட்டும் எழுதுவதைத் தவிருங்கள். 20 குறியீடுகளை 4 பருவங்களில் சோதித்தால் 80 சோதனைகள். ஒன்றுமே இல்லாத இடத்திலும் சுமார் 4 “வெற்றி” கிடைக்கும். எத்தனை முயன்றீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தொடரை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியில் கண்ட சாய்வை இரண்டாம் பாதியில் சோதியுங்கள். அழுத்த மையங்கள் சில பத்தாண்டுகளில் கிழக்கே, மேற்கே நகர்வதால் சாய்வு கொஞ்சம் மாறுவது இயல்பு. குறியே மாறினால் முடிவைக் கைவிடுங்கள்.

இன்னொன்று: ஒரே குளிர்காலத்தின் குறியீடும் வெப்பநிலையும் பொருந்துவது விளக்கம்தான், முன்கணிப்பு அல்ல. அடுத்த குளிர்காலத்தின் குறியீடு என்னவாகும் என்பது தனிக் கேள்வி.

11. ஒத்த நாட்களை வைத்து மீதத்தைப் படியுங்கள்

குறியீடு என்பது முழு வரைபடத்தையும் ஓர் எண்ணுக்குள் அடக்கியது. நுட்பமாக வேண்டுமென்றால் ஒத்த நாட்களைத் தேடுங்கள். 2010 ஜனவரியின் ஒவ்வொரு நாள் அழுத்த வரைபடத்துக்கும், மற்ற ஆண்டுகளில் அதே தேதிக்கு 15 நாள் முன்பின் உள்ள நாட்களில் மிக நெருக்கமான 10 அல்லது 20 நாட்களை எடுத்து, அவற்றின் வெப்பநிலை விலகலைச் சராசரி செய்யுங்கள். “இப்படிப்பட்ட காற்றோட்டத்துக்கு வழக்கமான வெப்பநிலை” அது.

அதே ஆண்டின் நாட்களைத் தேடலிலிருந்து கட்டாயம் விலக்குங்கள். இல்லையென்றால் நேற்றைய நாளே இன்றைக்கு மிக ஒத்ததாக வந்து நிற்கும்.

2010 குளிர்காலத்துக்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியமான விடையைத் தருகிறது: அந்தக் காற்றோட்டத்துக்கு முந்தைய பல பத்தாண்டுகளில் வழக்கமாக இருந்ததைவிட ஐரோப்பாவில் உண்மையில் குளிர் குறைவாகவே இருந்தது. காற்று குளிர்வித்தது, பின்னணி வெப்பமேற்றம் அதன் கூர்மையைக் குறைத்தது. இந்த இரண்டு பங்கையும் எதிரெதிர்க் குறிகளோடு தனித்தனியே எழுதுங்கள்.

12. இதையே தமிழ்நாட்டுக்குச் செய்வதானால்

படிகளின் வரிசை மாறாது. உள்ளே போடும் பொருள் மாறும். வட அட்லாண்டிக் குறியீட்டை எடுத்து வைத்துவிட்டு, பசிபிக் கடலின் நினோ 3.4 பகுதியின் கடல் வெப்பநிலையை எடுங்கள்: நிலநடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 5 டிகிரி, மேற்கு 170 முதல் 120 வரை. எல் நினோ (அந்தக் கடற்பகுதி வழக்கத்தைவிடச் சூடேறும் நிலை) பெரும்பாலும் நவம்பர்–ஜனவரியில் உச்சம் தொடுவதால் டிசம்பரில் முடியும் ஆண்டு அதை இரண்டாக அறுத்துவிடும். ஜூலை–ஜூன் ஆண்டு பொருத்தம்.

வெப்பமண்டலம் சில மாதம் பிந்தியே சூடேறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2015–16 எல் நினோவுக்குப் பின் 2016-உம், 2023–24-க்குப் பின் 2024-உம் இந்தியாவில் 1901 முதலான பதிவில் அந்தந்த நேரத்தின் மிக வெப்பமான ஆண்டுகளாயின. ஆகவே மூன்று முதல் ஆறு மாதப் பின்னடைவுகளைச் சோதியுங்கள். ஆறாம் படியில் சொன்ன, சம அழுத்தக் கோட்டை ஒட்டிக் காற்று ஓடும் விதியை இங்கே நம்ப வேண்டாம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது பலமிழக்கும்; காற்றின் தரவையே நேரடியாக வரைந்து பாருங்கள்.